கல்லுக்குப் பேர்போன ஊர்

ஐந்நூற்றொன்று என்று காதில் விழுந்தது. ஐயாயிரத்தொன்று என்று கை எழுதிவிட்டது.

எங்கள் வகையறாவில் இருபத்திரண்டு வருஷமாக எந்தக் கல்யாணமானாலும் மொய் எழுத என்னைத்தான் உட்கார வைப்பார்கள். பிழைப்பே அதுதான், காங்கேயத்தில் ஒரு தேங்காய் எண்ணெய் ஆலையில் கணக்கு எழுதுகிறேன். என் நோட்டில் அடித்தல் திருத்தல் இருக்காது, கடைசியில் எண்ணிப் பார்த்தால் ரொக்கமும் நோட்டும் ஒரு ரூபாய் பிசகாது என்று பேர். அப்படிப்பட்ட கை நடுவில் ஒரு சைபரைச் சொருகியதென்றால், அந்த நேரத்தில் என் வலது விலாவுக்குக் கீழே, முதுகோரமாக, யாரோ திருப்புளியை வைத்து நிதானமாக ஒரு சுற்றுச் சுற்றினார்கள் என்று அர்த்தம்.

பக்கத்தில் பணத்தை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டிருந்த தங்கை மகனிடம் நோட்டைத் தள்ளிவிட்டு எழுந்தேன். பந்தியில் இரண்டாம் தடவை கேட்டு வாங்கிய பாயசம் வேலையைக் காட்டுகிறது என்றுதான் நினைத்தேன். வயிற்று வலியென்றால் சுருண்டு படுத்தால் கொஞ்சம் அடங்கும். இது சுருண்டாலும் விடவில்லை, நிமிர்ந்தாலும் விடவில்லை. மண்டபத்துப் பின்பக்கம் பாத்திரம் கழுவுகிற இடத்தில் நடந்தேன், குத்தவைத்தேன், மண்டி போட்டேன், தண்ணீர்த் தொட்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றேன். வலி முதுகில் கிளம்பி, இடுப்பைச் சுற்றி, அடிவயிற்றுக்கு இறங்கி, சொல்லக்கூடாத இடம்வரைக்கும் ஒரு எட்டுப் போய்விட்டு, மறந்துபோன சாமானை எடுக்க வந்தவன் மாதிரி மறுபடி முதுகுக்குத் திரும்பியது.

கரண்டியோடு வந்த சமையல் மாஸ்டர் ஒரு நிமிஷம் நின்று பார்த்தார்.

"கல்லுங்க," என்றார். "நீங்க இப்படி ஆடறதப் பாத்தாலே தெரியுதுங்களே. எனக்கும் இருந்துச்சு. ஏழு மில்லி."

ஏழு மில்லி என்று சொல்லும்போது அவர் நெஞ்சு ஒரு விரற்கடை நிமிர்ந்ததை அந்த வலியிலும் கவனித்தேன். ஏன் என்று அன்றைக்குப் புரியவில்லை.

அவசர சிகிச்சையில் இருந்த டாக்டரம்மாவுக்கு என் மகள் வயசுதான் இருக்கும். "வலி ஒண்ணுலேர்ந்து பத்துக்குள்ள எத்தனைங்க?" என்று கேட்டார். கணக்கு எழுதுகிறவனிடம் அப்படிக் கேட்கக் கூடாது. இப்போதே பத்து என்று சொல்லிவிட்டால், நாளைக்கு இதைவிடப் பெரிதாக ஒன்று வந்தால் அதற்கு எதைப் போடுவது? கொஞ்சமாவது கையிருப்பு வேண்டாமா? "எட்டே முக்கால்" என்றேன். அவர் ஒன்பது என்று எழுதிக்கொண்டு இடுப்பில் ஊசி போட்டார். இருபது நிமிஷத்தில் உலகத்தில் உள்ள சகல ஜீவராசிகள் மேலும் எனக்குப் பிரியம் வந்துவிட்டது, பாயசம் உட்பட.

அதே நேரத்தில் மண்டபத்தில் ரொக்கத்தை எண்ணியிருக்கிறார்கள். நோட்டுக்கும் பைக்கும் நாலாயிரத்து ஐந்நூறு இடித்திருக்கிறது. மூன்று தடவை எண்ணியும் இடித்திருக்கிறது. "எழுதுனது எங்கூட்டுக்காரரு, கொறஞ்சா நாங்கதான் வெக்கோணும்" என்று என் சம்சாரம் கைப்பையில் இருந்ததையும் அவள் அண்ணனிடம் கைமாற்று வாங்கியதையும் சேர்த்து வைத்து என் மானத்தைக் காப்பாற்றியிருக்கிறாள். எந்த வரியில் தப்பு என்று யாருக்கும் தெரியாது. தெரிந்திருக்க வேண்டிய ஒரே ஆளான நான் ஊசி மயக்கத்தில் நர்ஸைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் பக்கம் கல்லுக்குப் பேர்போனது. படியூர் மண்ணைத் தோண்டிக் கடல் நிறத்தில் கல் எடுத்த காலம் உண்டு. நொய்யல் கரைக் கொடுமணலில் இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்பே கல்லை உரசித் துளை போட்டு மணி செய்திருக்கிறார்கள். கொடுமணம் என்று அதன் பேரைப் பதிற்றுப்பத்துப் புலவர்களே எடுத்துச் சொல்லியிருக்கிறார்கள். இன்றைக்கும் காங்கேயத்தில் ராசிக்கல் பட்டை தீட்டிப் பிழைக்கிற குடும்பங்கள் இருக்கின்றன. ஊரெல்லாம் மண்ணுக்குள் கல்லைத் தேடிக்கொண்டிருக்க, நான் சத்தம் காட்டாமல் உடம்புக்குள்ளேயே ஒன்றை விளைவித்திருக்கிறேன்.

விளைந்த விதமும் சொல்லிவிடுகிறேன். ஆலைக் களத்தில் கொப்பரை காயும். சித்திரை வெயிலில் களத்தில் நின்று மூட்டை எண்ணுவது என் வேலை. தண்ணீர் குடித்தால் எழுந்து போக வேண்டும். போய்விட்டு வந்தால் எண்ணிக்கை விட்டுப்போகும். ஆகவே குடிப்பதில்லை. காலையில் எடுத்துப்போன ஒரு லிட்டர் பாட்டில் பொழுதோடு முக்கால் பாகத்தோடு வீடு திரும்பும். சட்டியில் உப்புத் தண்ணீரைச் சுண்டவிட்டால் அடியில் என்ன படியுமோ அதுதான் எனக்கும் படிந்தது. கணக்குத் தப்பக்கூடாது என்று காபந்து பண்ணியதில் பிறந்த கல், கடைசியில் கணக்கையே தப்ப வைத்தது.

மறுநாள் ஸ்கேன். "வயிறு முட்டத் தண்ணி குடிச்சிட்டு, அடக்கிட்டு உக்காருங்க. முட்டும்போது சொல்லுங்க" என்றார் டோக்கன் கொடுத்த பெண். பெஞ்சில் ஏற்கெனவே ஐந்து பேர். ஆளுக்கொரு பாட்டில். இத்தனை வருஷம் குடிக்காமல் விட்ட தண்ணீரை முக்கால் மணி நேரத்தில் குடித்தேன். முதலில் எல்லோரும் சகஜமாகப் பேசிக்கொண்டிருந்தோம்: மழை, தேங்காய் விலை, ஊர்ப்பெயர். கொஞ்ச நேரத்தில் பேச்சு குறைந்தது. பிறகு ஒருவரும் பேசவில்லை. கால்மேல் கால் போட்டு, கண்ணை மூடி, ஆறு பேரும் நிஷ்டையில் உட்கார்ந்திருந்தோம். என் முறை வந்து எழுந்து நிற்கும்போது உள்ளேயிருந்து குரல் வந்தது: "கரண்ட் போயிருச்சு, ஒரு அஞ்சு நிமிஷம்." பெஞ்சின் கோடியில் இருந்த பெரியவர் மட்டும் எழுந்து, யாரையும் பார்க்காமல், கழிப்பறையை நோக்கி நடந்தார். போகிற அவரை நாங்கள் ஐந்து பேரும் பார்த்த பார்வையில் இருந்தது பரிதாபமா பொறாமையா என்று கேட்டால், பொறாமைதான்.

அந்தப் படத்தில் சிறுநீரகம் வீங்கியிருப்பது தெரிந்தது. ஈரோட்டுக்குப் போய் சி.டி. எடுத்ததில் கல்லே தெரிந்தது. சிறுநீரக டாக்டர் மருந்துச் சீட்டின் பின்பக்கம் படம் போட்டுக் காட்டினார். முந்திரிக்கொட்டை மாதிரி ஒன்று, அதிலிருந்து ஒரு வால், வாலின் மேல்பாகத்தில் ஒரு கரும்புள்ளி. "ஒம்பது மில்லிமீட்டர். அஞ்சுக்குக் கீழன்னா பெரும்பாலும் தானே எறங்கிடும். இது எறங்காது. வீக்கம் வேற இருக்கு."

ஒன்பது என்றதும் எனக்குச் சமையல் மாஸ்டர் ஞாபகம்தான் வந்தது. அவருக்கு ஏழு. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், உள்ளுக்குள் ஒரு சின்னத் திருப்தி.

வெளியிலிருந்தே அதிர்வலை கொடுத்து உடைக்கிற வழியையும் டாக்டர் சொன்னார். அதன் பூர்வீகம் வேடிக்கையானது. ஜெர்மனியில் டோர்னியர் என்ற விமானக் கம்பெனி, வேகமாகப் பறக்கிற விமானத்தில் மழைத்துளி மோதினால் என்ன சேதமாகும் என்று ஆராயப்போய், அந்த அதிர்ச்சியலை மனிதன் வயிற்றில் இருக்கிற கல்லையும் உடைக்கும் என்று கண்டுகொண்டார்கள். 1980 பிப்ரவரியில் மியூனிக் நகரத்தில் முதல் ஆளுக்கு உடைத்தார்கள். ஆனால் என் கல் உட்கார்ந்திருந்த தோரணைக்கு அது தோதுப்படாதாம். உள்ளே குழாய் விட்டு லேசரில் உடைப்பதே சரி என்று நாலாம் நாள் தேதி கொடுத்தார். "உள்ளேன்னா எந்த வழியாங்க?" என்று கேட்டேன். அவர் படத்தில் பேனாவை வைத்து, கல் இறங்கிவர வேண்டிய வழியிலேயே கீழிருந்து மேலாக ஒரு கோடு இழுத்தார். நான் அதற்கப்புறம் ஒன்றும் கேட்கவில்லை.

இடையில் மூன்று நாள். கல் என்று ஊரில் தெரிந்துவிட்டால் வாசலில் செருப்பு விட இடம் இருக்காது. சர்க்கரை, ரத்தக்கொதிப்புக்கெல்லாம் வைத்தியம் சொல்லக் கொஞ்சமாவது யோசிப்பார்கள். கல்லுக்கு யாரும் யோசிப்பதில்லை. ஒருவர் ரணகள்ளி இலையை வெறும் வயிற்றில் மெல்லச் சொன்னார். இன்னொருவர் நெருஞ்சி முள்ளைக் கஷாயம் வைக்கச் சொன்னார். பெரியம்மா ஒரு கட்டு சிறுகண்பீளையோடு வந்தாள். பொங்கலுக்கு முந்தின நாள் வேப்பிலை, ஆவாரம்பூவோடு சேர்த்துக் காப்புக் கட்டுகிற அதே பூளைப்பூச் செடிதான். சித்த வைத்தியத்தில் கல்லடைப்புக்குச் சொல்லியிருக்கிறதாம். "காப்புக் கட்டறது வூட்டுக்கு மட்டும்னு நெனச்சயா சாமி?" என்றாள். ஆலையில் லோடு ஏற்றுகிற பையன் மட்டும் என்னை ஓரமாகக் கூப்பிட்டு, "பீரு அடிச்சா கல்லு பிச்சுக்கிட்டுப் போயிருமுங்ணா" என்றான். அவனுக்குக் கல் வந்திருக்கிறதா என்று கேட்டேன். "வரவே விடலீங்களே" என்றான்.

தக்காளியை நிறுத்து என்று ஒருவர், கீரையை நிறுத்து என்று ஒருவர், பாலை நிறுத்து என்று ஒருவர். மூன்றையும் எழுதிக்கொண்டுபோய் டாக்டரிடம் காட்டினேன். பாலை நிறுத்தவே கூடாது என்றார். சாப்பாட்டில் கால்சியம் குறைந்தால் கல் குறையாதாம், கூடுமாம். குடலுக்குள்ளேயே ஆக்ஸலேட்டைப் பிடித்து வெளியே தள்ளுவது அந்தக் கால்சியம்தானாம். இதை நான் திரும்பி வந்து வீட்டில் சொன்னபோது, "டாக்டரு சின்னப் பையனா?" என்று கேட்டார்கள்.

மூன்றாம் நாள் சென்னிமலை மாமா வந்தார். கையில் இரண்டு முழ நீளத்துக்கு வாழைத்தண்டு. மாமா சாதாரணமாக எங்கள் வீட்டுப் பக்கம் வருகிறவர் அல்ல. வந்தாலும் வாழைத்தண்டு வாங்கிவருகிறவர் அல்ல. கட்டிலோரம் உட்கார்ந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"பொண்ணோட அப்பன் போன் பண்ணுனான் மாப்ள. 'மாமா, நீங்க ஐயாயிரத்தொண்ணு வெப்பீங்கன்னு நாங்க நெனைக்கவே இல்லீங்க'ன்னு அழுகாத கொறை. நா என்ன சொல்லட்டும்? செஞ்சது ஒண்ணுந்தானே, நம்ம பொண்ணுதானேன்னு போட்டேன்."

எனக்கு அப்போதுதான் அந்தச் சைபர் கண்முன்னால் வந்து நின்றது. மாமாவுக்கும் எல்லாம் தெரியும் என்பது அவர் கை என் கையை அழுத்தின அழுத்தத்தில் தெரிந்தது. மொய் என்பது கொடுத்துவிட்டு மறக்கிற காசு இல்லை. வருகிற தை மாசம் மாமா வீட்டில் பேரனுக்குக் காது குத்து. ஐயாயிரத்தொன்றும் அப்படியே திரும்பி வரும், மேலே நூறு கூடவும் வரலாம். வைத்தது என் வீட்டுக் காசு, பேர் மாமாவுக்கு, திரும்ப வருவதும் மாமாவுக்கு. எனக்கு வாழைத்தண்டு.

"சாறு எடுத்துக் குடி மாப்ள," என்றார் கண்கலங்க. "உனக்கு ஒண்ணும் ஆவாது."

அறுவை அரங்கம் குளிர்ப்பெட்டி மாதிரி இருந்தது. முதுகில் ஊசி போட உட்காரவைத்து, "பூனை மாதிரி முதுக வளைங்க" என்றார் மயக்க மருந்து டாக்டர். பூனையாக இருந்து பழக்கமில்லாததால் நாலு தடவை முயற்சி பண்ணினேன். ஊசி இறங்கியதும் இடுப்புக்குக் கீழே வெதுவெதுவென்று ஒரு சூடு பரவியது, அப்புறம் ஒன்றுமே இல்லை. இரண்டு பேர் இரண்டு காலைத் தூக்கிக் கொம்பில் மாட்டினார்கள். எனக்கு நேர் எதிரே ஆகாயத்தில் இரண்டு கால்கள். யாரோ ஒரு ஐம்பது வயசுக்காரர் பித்தவெடிப்பைக் கவனிக்காமல் விட்டிருக்கிறார் என்று நினைத்தேன். வலது கட்டைவிரலில், களத்தில் மூட்டை விழுந்து கறுத்த நகத்தைப் பார்த்ததும்தான் ஆள் யாரென்று தெரிந்தது.

அப்படிக் காலைத் தூக்கி வைக்கிற கோலத்துக்கு மருத்துவத்தில் லித்தாட்டமி பொசிஷன் என்று பேர். பிரசவத்துக்கும் அதே கோலம், அதே பேர். லித்தாட்டமி என்றால் கல்லை அறுத்தெடுப்பது. ஆக, பிள்ளை பெறுகிற கோலத்துக்கே கல்லின் பேர்தான். இதைப் பிறகு வீட்டில் சொன்னபோது, இரண்டு பிள்ளை பெற்ற என் சம்சாரம் என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுதவில்லை.

டாக்டர் நல்ல மனுஷன். திரையை என் பக்கம் திருப்பி வைத்தார். உள்ளே ரோஸ் நிறத்தில் ஒரு சுரங்கப்பாதை. காமிரா போகிறது, போகிறது, வளைகிறது, அங்கே அது. பனங்கற்கண்டு மாதிரி பழுப்பாக, முள்ளுமுள்ளாக, வழியை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. இத்தனை நாள் எனக்குள் இருந்ததை அப்போதுதான் நேருக்கு நேர் பார்க்கிறேன். பார்த்ததும் கோபம் வரும் என்று நினைத்திருந்தேன். வரவில்லை. நம்ம வீட்டுப் பையன் போலீஸ் ஸ்டேஷனில் உட்கார்ந்திருக்கிற மாதிரி இருந்தது. அப்புறம் ஒரு பச்சைப் புள்ளி அதன்மேல் விழுந்தது, டிக் டிக் டிக் என்று சத்தம். ஹோல்மியம் லேசராம். கல்லின் விளிம்பிலிருந்து தூள் கிளம்பி, மார்கழிப் பனி மாதிரி சுரங்கமெங்கும் பறந்தது. ஓரத்தில் ஒரு போனில் ராஜா பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. ஒரு நர்ஸ் இன்னொரு நர்ஸிடம் அம்மன் கோயில் பக்கம் புதிதாகத் திறந்த பிரியாணிக்கடையைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். கடை பேர் சரியாகக் காதில் விழவில்லை, அது ஒன்றுதான் குறை.

"பவுடர் ஆயிடுச்சு சார்," என்றார் டாக்டர் முக்கால் மணி நேரத்தில். "கல்லு?" என்றேன். "அதான் சார், பவுடர்." "கையில குடுப்பீங்கல்ல?" அவர் சிரித்தார். கூடை மாதிரி ஒரு கம்பியில் கடுகளவு இரண்டு துணுக்குகளைப் பிடித்து எடுத்து, ஒன்றை ஆய்வுக்கு அனுப்பிவிட்டு இன்னொன்றைக் குப்பியில் போட்டுக் கொடுத்தார்கள்.

எனக்கு அழுகை வராத குறை. இத்தனை வலிக்கும் ஆதாரம் ஒரு கடுகு.

வார்டில் பக்கத்துக் கட்டில்காரர் குப்பியை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "எத்தனை மில்லிங்க?" "ஒம்பது." "ஓ," என்றார் மரியாதையாக. அப்புறம் மேஜை டிராயரைத் திறந்து தன்னுடையதை எடுத்தார். பெரிய குப்பி. உள்ளே முக்கால் பாகத்துக்கு உடைத்த வெல்லம் மாதிரி கட்டிகள். "இருவத்திமூணு. முதுகுல ஓட்டை போட்டு எடுத்தாங்க." போர்வையை விலக்கி முதுகில் கட்டையும் காட்டினார். சமையல் மாஸ்டரின் நெஞ்சு நிமிர்ந்த காரணம் எனக்கு அந்த நிமிஷத்தில் விளங்கியது. கல்லுக்காரர்களுக்குள்ளே மேல் கீழ் எல்லாம் மில்லியில்தான். நிலம், நகை, மகன் அமெரிக்காவில் இருப்பது ஒன்றும் செல்லாது. ஒன்பதை வைத்துக்கொண்டு நான் அந்த வார்டில் நடுத்தர வர்க்கம்.

விசாரித்தால் அவரும் நம்மூர். காங்கேயத்தில் ராசிக்கல் பட்டறை வைத்திருக்கிறார். "ஊருக்கே கல்லு தீட்டிக் குடுக்கறனுங்க, எனக்கே ஒண்ணு குடுத்துட்டான் பாருங்க ஆண்டவன்."

டிஸ்சார்ஜ் கதை எல்லோருக்கும் தெரிந்ததே. காலை ஒன்பது மணிக்கு "நீங்க போலாம்" என்றார்கள். இன்சூரன்ஸ்காரர்களிடமிருந்து பதில் வர மாலை ஆறு. மூத்திரப் பையை மஞ்சப்பை மாதிரி கையில் பிடித்துக்கொண்டு வராந்தாவில் நடந்தேன். காலையில் நன்னாரி நிறத்தில் இருந்தது மதியம் ரோஸ்மில்க், மாலையில் எலுமிச்சை சர்பத். குழாயை உருவிவிட்டு அனுப்பினார்கள்.

இதோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன். உள்ளே ஒன்றை விட்டு வைத்திருக்கிறார்கள் என்று சீட்டைப் படித்த பிறகுதான் உறைத்தது. டி.ஜே. ஸ்டென்ட். சிறுநீரகத்திலிருந்து மூத்திரப்பை வரைக்கும் ஒரு மெல்லிய குழாய். நழுவாமல் இருக்க மேலும் கீழும் பன்றிவால் மாதிரி சுருண்டிருக்கும். வீங்கின பாதை அடைத்துக்கொள்ளாமல் இருக்க வேண்டுமே, அதற்காக. இரண்டு வாரம் கழித்து எடுக்க வேண்டும். மறந்துவிட்டால் அந்தக் குழாயின் மேலேயே கல் கட்டிவிடும் என்று சிவப்பு மையில் எழுதி, தேதி போட்டு, என்னிடம் கையெழுத்தும் வாங்கியிருந்தார்கள். மறக்கவா? அரை மணிக்கு ஒரு தடவை அது தன்னை ஞாபகப்படுத்தியது. போ என்று சொல்லும்; போனால் நாலு சொட்டு; அந்த நாலு சொட்டுக்கும் முதுகில் ஒரு குத்து. அறுவைச் சிகிச்சை எப்படி என்று கேட்டால் பரவாயில்லை என்று சொல்வேன். ஸ்டென்ட்டைப் பற்றிக் கேட்டால் உட்காரச் சொல்லிவிட்டுத்தான் சொல்வேன்.

ராத்திரி ஒரு மணி, ஒன்றரை, இரண்டேகால் என்று எழுந்து நடந்த அந்த நாட்களில் போனில் கல்லுக்காரர்களின் சரித்திரத்தைப் படித்தேன். லண்டனில் சாமுவேல் பெப்பீஸ் என்று ஒரு டைரிக்காரர். 1658 மார்ச் 26ஆம் தேதி அவருடைய மூத்திரப்பைக் கல்லை எடுத்தார்கள். இப்போதிருக்கிற மயக்க ஊசியெல்லாம் கிடையாது. கட்டிப்போட்டு, ஆள் பிடித்துக்கொள்ள, கத்தி. பிழைத்தார். கல்லை வைக்கத் தனியாகப் பெட்டி செய்வித்தார். மார்ச் 26 வந்தால் விருந்து வைத்துக் கொண்டாடினார். அவரையும் மிஞ்சினவர் யான் டி டூட் என்ற டச்சுக்காரர். கொல்லர். 1651இல் வைத்தியர்கள் மேல் நம்பிக்கை போய், தானே ஒரு கத்தி அடித்து, சம்சாரத்தைச் சந்தைக்கு மீன் வாங்க அனுப்பிவிட்டு, தன் கல்லைத் தானே அறுத்து எடுத்துவிட்டார். கோழி முட்டையைவிடப் பெரிய கல். ஒரு கையில் கத்தியும் மறு கையில் கல்லுமாக அவரை வரைந்த ஓவியம் இன்றைக்கும் இருக்கிறது. மீனோடு வீட்டுக்குத் திரும்பி வந்த அந்த அம்மாளை யாரும் வரையவில்லை. எனக்கென்னவோ அதுதான் வரைய வேண்டிய படம்.

பெப்பீஸின் விருந்து எனக்குப் பிடித்திருந்தது. லண்டனில் மொய் வழக்கம் இல்லாததால் அவருக்கு அது வெறும் செலவு. நம் ஊரில் வைத்தால் நாலாயிரத்து ஐந்நூறு திரும்பிவிடும். சம்சாரத்திடம் சொன்னேன். "யாரு மொய் எழுதறதுங்?" என்று ஒரே கேள்வி கேட்டாள். திட்டம் அத்தோடு நின்றது.

ஸ்டென்ட் எடுத்தது இரண்டே நிமிஷம். ஜெல்லி தடவி, ஒரு குழாய் விட்டு, "இருமுங்க" என்றார்கள், இருமினேன், உள்ளேயிருந்து பாம்பு புற்றைவிட்டுப் போகிற மாதிரி ஒன்று உருவிக்கொண்டு போனது. சத்தம் போட்டேனா என்று கேட்காதீர்கள். வெளியே பெஞ்சில் காத்திருந்தவர்கள் எல்லோரும் நான் வரும்போது எழுந்து நின்றார்கள்.

இப்போது வீட்டில் தண்ணீருக்கு ஒரு நோட்டு போட்டிருக்கிறேன். டாக்டர் கேட்பது ஒரு நாளைக்கு இரண்டரை லிட்டர் செலவு. குடிப்பதை அவர் பொருட்படுத்துவதில்லை, வெளியே போவதுதான் கணக்கு. அதனால் வரவு மூன்றரை, செலவு இரண்டரை, களத்து வெயிலில் வேர்வைச் சேதாரம் ஒன்று என்று எழுதுகிறேன். மூட்டை எண்ணிக்கை நடுவில் விட்டுப்போகிறது. முதலாளி ஒன்றும் சொல்லவில்லை. அவருக்கும் ஒரு கல் இருக்கிறதாம். நாலு மில்லி என்று மெதுவாகத்தான் சொன்னார்.

ஆய்வு முடிவு வந்த அன்று குப்பியை எடுத்துக்கொண்டு ராசிக்கல் அண்ணனின் பட்டறைக்குப் போனேன். (பெரியம்மா அதைச் சிவன்மலைக்குக் கொண்டுபோகலாம் என்றாள். அங்கே பக்தர் கனவில் முருகன் வந்து சொல்கிற பொருளை உத்தரவுப் பெட்டியில் வைப்பது வழக்கம். ஆனால் என் கல்லைப் பற்றி முருகன் இதுவரை ஒருத்தர் கனவிலும் வந்து பேச்செடுக்கவில்லை.) கால்சியம் ஆக்ஸலேட் மோனோஹைட்ரேட் என்று சீட்டில் போட்டிருந்தது. அதற்கு மண்ணியலில் ஹியூவெலைட் என்று பேர் இருக்கிறது என்றும், மண்ணுக்குள்ளும் அதே கல் கிடைக்கிறது என்றும், சயின்டிஸ்ட் என்ற இங்கிலீஷ் வார்த்தையை உண்டாக்கிய வில்லியம் ஹியூவெல் பேரைத்தான் அதற்கு வைத்திருக்கிறார்கள் என்றும் மகள் கண்டுபிடித்துச் சொல்லியிருந்தாள். மனசுக்குள் ஒரு நப்பாசை.

அண்ணன் சாணைச் சக்கரத்தை நிறுத்திவிட்டு, கண்ணில் லென்ஸைச் சொருகி, துணுக்கை இடுக்கியில் எடுத்து இப்படியும் அப்படியும் திருப்பினார். அவர் முன்னால் தட்டில் நீலமும் பச்சையுமாக ஏழெட்டுக் கற்கள் கிடந்தன. என்னுடையது அவற்றுக்குப் பக்கத்தில் வெற்றிலைப் பாக்குத் துணுக்கு மாதிரி இருந்தது.

"தண்ணி ஓட்டம் இல்லீங்க," என்றார். நகத்தால் லேசாகச் சுரண்டினார். "கெட்டியும் பத்தாது. சக்கரத்துல வெச்சா மாவாப் போயிரும். படியூர்க் கல்லு ஏழரைக்கு மேல நிக்கும். இது மூணே தாண்டாது." பிறகு, கல்லுக்காரன் கல்லுக்காரனிடம் கேட்கிற முறையில், "அடக்கம் என்னுங்க ஆச்சு?" என்றார்.

"இன்சூரன்ஸ் போக முப்பத்தோராயிரத்து இருநூறு. மொய் நாலாயிரத்து ஐநூறு. மொத்தம் முப்பத்தஞ்சாயிரத்து எழுநூறுங்க."

மொய் எதற்கு என்று அவர் கேட்கவில்லை. துணுக்கைச் சின்னத் தராசில் வைத்து எடை பார்த்தார். ராசிக்கல் மடிக்கிற வெள்ளைத் தாளை எடுத்து, நாலு மடிப்பு மடித்து, உள்ளே அதை வைத்து, மேலே பென்சிலால் எடையை எழுதி என்னிடம் நீட்டினார். "காங்கேயத்துல இந்த வெலைக்கு இத்துனூண்டு கல்லு இதுவரைக்கும் யாரும் வாங்குனதில்லீங்க."

தாளில் ஐந்து சென்ட் என்று எழுதியிருந்தது. நூறு சென்ட் ஒரு காரட்.

வீட்டுக்கு வந்ததும் பீரோவைத் திறக்கச் சொன்னேன். என்னவென்று கேட்டாள். "காங்கேயத்துல நமக்கு அஞ்சு சென்ட் இருக்குது," என்றேன்.

அவள் முகம் மலர்ந்தது. "எந்தப் பக்கமுங்க?"

"வலது பக்கம்," என்றேன்.